நான்கு நிமிடம் இருபது விநாடிக்கு எந்தக் கல்லூரி?

2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக். ஆண்கள் 1500 மீட்டர் இறுதிப் போட்டி என்றால் நார்வேயின் யாகோப் இங்கபிரிட்சனுக்கும் பிரிட்டனின் ஜோஷ் கெர்ருக்கும் நடக்கும் சண்டை என்றுதான் எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். கடைசி நேர்கோட்டில் உட்புறமாக ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. அதில் புகுந்து முந்திப்போனவர் கோல் ஹாக்கர் என்ற அமெரிக்கர். 3 நிமிடம் 27.65 விநாடி, ஒலிம்பிக் சாதனை. கெர்ருக்கு வெள்ளி. இன்னொரு அமெரிக்கரான யாரெட் நுகூசேவுக்கு வெண்கலம். இங்கபிரிட்சன் நான்காவதாக வந்தார்.

மேடையில் நின்ற மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஹாக்கர் ஓரிகன் பல்கலைக்கழக அணியில் ஓடியவர், நுகூசே நோட்டர் டேமில் ஓடியவர். ஸ்காட்லாந்துக்காரரான கெர்ரும் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு ஓடித்தான் பெரிய ஓட்டக்காரர் ஆனார். இந்தியாவில் ஓடத் தெரிந்த ஒரு பிள்ளையை ராணுவமோ ரயில்வேயோ எடுத்து வளர்க்கும். ஐரோப்பாவில் அந்த வேலையை ஊர்க் கிளப்புகள் செய்கின்றன. அமெரிக்காவில் அது பல்கலைக்கழகத்தின் வேலை. அதனால்தான் அங்கே ஒரு பள்ளி மாணவன் வேகமாக ஓட ஆரம்பித்ததுமே வீட்டில் பதக்கத்தைப் பற்றியல்ல, கல்லூரியைப் பற்றிப் பேச்சு எழுகிறது.

எழுகிற பேச்சு பெரும்பாலும் ஒரு தப்பான நம்பிக்கையில் தொடங்குகிறது: "நன்றாக ஓடுகிறான், ஃபீஸ் இல்லாமல் படித்துவிடுவான்." அமெரிக்கப் பள்ளிகளில் தடகளத்தில் பங்கேற்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ-வின் கீழ் வரும் கல்லூரி அணி ஒன்றில் இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரிலும் முழு ஃபீஸும் கிடைப்பவர்கள் மிகமிகக் குறைவு. ஓட்டம் பணத்தைக் கொண்டுவருவதைவிட அட்மிஷனைக் கொண்டுவருவதுதான் அதிகம். இந்த வித்தியாசம் புரியாமல் நான்கு வருடத்தை வீணடிக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய.

ஓட்டக்காரருக்கு மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கால்பந்தோ கூடைப்பந்தோ ஆடும் பையனைப் பயிற்சியாளர் நேரில் பார்க்க வேண்டும், அல்லது வீடியோவாவது பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் அது அவருடைய அபிப்பிராயம்தான். ஓட்டத்தில் கடிகாரம் சொல்வதுதான் கணக்கு. மைல்ஸ்பிளிட், அத்லெடிக் டாட் நெட் போன்ற இணையதளங்களில் நாட்டின் மூலைமுடுக்குப் பள்ளிப் போட்டிகளின் முடிவுகூட ஏறிவிடுகிறது. ஐடஹோவில் சனிக்கிழமை மாலை ஓடிய பெண்ணின் நேரத்தை அன்று இரவே பாஸ்டனில் உட்கார்ந்துகொண்டு ஒரு கோச் பார்க்கலாம். மறுபக்கமும் அப்படியே. கல்லூரி ஓட்டக்காரர்களின் நேரங்கள் எல்லாம் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு கல்லூரி அணியின் ஏழாவது ஆள் எவ்வளவு வேகம், அவன் பள்ளியில் எவ்வளவு ஓடினான், சேர்ந்த பிறகு முன்னேறினானா தேய்ந்தானா என்பதையெல்லாம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

2019 மார்ச்சில் அமெரிக்காவை உலுக்கிய கல்லூரி அட்மிஷன் மோசடி இங்கே நினைவுக்கு வருகிறது. ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் பணக்காரப் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய பிள்ளைகளை இல்லாத விளையாட்டு வீரர்களாகக் காட்டிப் பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிட்டார். வாட்டர் போலோ, படகு, டென்னிஸ் என்று போலி அடையாளங்கள். கழியூன்றித் தாண்டும் வீரர் என்றுகூட ஒருவரைக் காட்டியிருந்தார்கள். சிங்கருக்கு 2023-ல் மூன்றரை ஆண்டுச் சிறை கிடைத்தது. வாட்டர் போலோ ஆடுகிறான் என்று ஒரு போட்டோவை ஒட்டிவிடலாம். மைலை 4:15-ல் ஓடினான் என்று பொய் சொன்னால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொள்வோம். பதினோராம் வகுப்பு முடிகிறது. 1600 மீட்டர் 4 நிமிடம் 20 விநாடி, 3200 மீட்டர் 9 நிமிடம் 25 விநாடி. (அமெரிக்கப் பள்ளிகள் 1500 மீட்டர் ஓடுவது அபூர்வம். மைலுக்கு ஒன்பது மீட்டர் குறைவான 1600-தான் அங்கே வழக்கம்.) பள்ளியில் அவர்தான் நட்சத்திரம், வட்டாரப் பத்திரிகையில் படம் வந்தாயிற்று. இனி என்ன?

என்சிஏஏ-வின் கீழ் சுமார் 1,100 கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. டிவிஷன் 1-ல்தான் பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய பணம், தொலைக்காட்சி எல்லாம். டிவிஷன் 2 நடுத்தரம். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி. டிவிஷன் 1-ன் முன்னணி அணிகள் தேடுவது ஏறத்தாழ 1600-ஐ 4:10-க்குள்ளும் 3200-ஐ 9 நிமிடத்துக்குள்ளும் ஓடும் பையன்களை. பெண்கள் என்றால் 1600-ஐ 4:50-க்குள். நம் 4:20 மாணவர் ஓரிகனுக்கோ ஸ்டான்ஃபோர்டுக்கோ எழுதினால் மரியாதையான பதில் வரலாம், இடம் வராது. நடுத்தர டிவிஷன் 1 அணி ஒன்று, உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து ஓடும் 'வாக்-ஆன்' ஆக வேண்டுமானால் வா என்று சொல்லலாம். நல்ல டிவிஷன் 3 கல்லூரியில் அவரை வாசலுக்கே வந்து வரவேற்பார்கள்.

நேரத்தை மட்டும் பார்த்து எந்த நல்ல கோச்சும் முடிவெடுப்பதில்லை. போன வருடம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மைல் பயிற்சி, எலும்பு முறிவு ஏதாவது உண்டா, எத்தனை வருடமாக ஓடுகிறாய் என்றெல்லாம் கேட்பார். வாரம் 70 மைல் ஓடி 4:18-க்கு வந்தவனைவிட, வாரம் 30 மைல் மட்டும் ஓடி ஒரே வருடத்தில் 4:38-லிருந்து 4:20-க்கு இறங்கியவன் மேல் பல கோச்சுகளுக்குக் கண் இருக்கும். முன்னவனிடம் பிழிந்தெடுக்க இனி அதிகம் இல்லையோ என்ற சந்தேகம்தான் காரணம். மைதானத்துக்கு வெளியே புல்வெளியிலும் மேட்டிலும் ஓடும் கிராஸ் கன்ட்ரியின் நேரங்களையும் அப்படியே நம்பமாட்டார்கள். ஒரே 5 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு ஊரில் சமதரைப் புல்வெளி, இன்னொரு ஊரில் சேறும் மேடும். அங்கே யார் யாரைத் தோற்கடித்தார் என்பதுதான் கணக்கில் வரும்.

இனி பணத்துக்கு வருவோம். 2025 வரை டிவிஷன் 1-ல் ஒரு பல்கலைக்கழகம் ஆண்கள் தடகளத்துக்கும் கிராஸ் கன்ட்ரிக்கும் சேர்த்துத் தரக்கூடிய முழு உதவித்தொகைகளின் உச்ச எண்ணிக்கை 12.6. பெண்களுக்கு 18. பின்னத்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்கலாம். அந்த 12.6-ஐ எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் துண்டுபோட்டுப் பிரிக்க முடிந்தது. அணியில் நாற்பது பேர் இருப்பார்கள். வேக ஓட்டம், தடை ஓட்டம், நீளம், உயரம், குண்டு, ஈட்டி, நெடுந்தூரம் எல்லாம் அந்தப் பையிலிருந்துதான். மண்டலப் போட்டியில் முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 8, எட்டாமிடத்துக்கு 1 என்று கணக்கு. 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம், நீளம் தாண்டுதல் என்று நான்கு இடத்தில் புள்ளி கொண்டுவரும் ஒரே ஆளுக்குக் கோச் பாதிக்கு மேல் கொடுப்பாரா, 1500-ல் ஏழாவதாக வரக்கூடிய பையனுக்குக் கொடுப்பாரா? பல அணிகளில் நெடுந்தூரக்காரனுக்குப் புத்தகக் காசுதான் மிஞ்சும்.

ஆணுக்கு 12.6, பெண்ணுக்கு 18 என்ற ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் ஓட்டம் அல்ல, அமெரிக்கக் கால்பந்து. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டம், விளையாட்டு வாய்ப்பிலும் இருபாலருக்கும் நியாயம் கேட்கிறது. ஒரு கால்பந்து அணியே 85 உதவித்தொகைகளைத் தின்றுவிட்டால், அதற்கு ஈடாகப் பெண்கள் பக்கம் எங்காவது கூட்டியாக வேண்டும். ஆட்கள் அதிகம் வேண்டிய, செலவு குறைந்த தடகளம் அதற்குத் தோதாக அமைந்தது. ஒரே அளவு திறமையுள்ள அண்ணனும் தங்கையும் இருந்தால், தங்கைக்கே கல்லூரிக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும் என்று சொல்வதில் தவறில்லை.

2025 ஜூன் 6-ஆம் தேதி இந்தக் கணக்கே கலைந்தது. கல்லூரி விளையாட்டு வீரர்களின் உழைப்பில் பல்கலைக்கழகங்கள் சம்பாதிக்கின்றன, வீரர்களுக்குப் பங்கு வேண்டும் என்று நடந்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் அன்று ஒப்புதல் தந்தார். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். 12.6, 18 என்ற உச்சவரம்புகள் போயின. அதற்குப் பதிலாக அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. தடகளத்துக்கு ஆண்கள் 45, பெண்கள் 45. கிராஸ் கன்ட்ரிக்கு 17.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்திதான், கல்லூரி நினைத்தால் 45 பேருக்கும் முழு ஃபீஸ் கொடுக்கலாமே! கொடுக்க மாட்டார்கள். பகிரும் பணத்தில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. ஓட்டக்காரர்களுக்கு நடந்தது வேறு. முன்பு அணியில் எழுபது, எண்பது பேரை வைத்திருந்த பல்கலைக்கழகங்கள் ஆளைக் குறைக்க வேண்டியதாயிற்று. பணமே கேட்காமல், பயிற்சி மட்டும் கிடைத்தால் போதும் என்று சேர்ந்த வாக்-ஆன் மாணவர்களின் இடம்தான் முதலில் போனது. பட்டியலிலிருந்து நீக்கப்படுவோருக்கு என்ன வழி என்ற கேள்வியில்தான் வில்கன் அந்த ஒப்புதலைப் பல வாரம் நிறுத்திவைத்தார். ஏற்கெனவே இடமிழந்தவர்களுக்கு விதிவிலக்கு கிடைத்தது. இனி வரப்போகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் பெரிய பல்கலைக்கழகத்தில் வாக்-ஆன் ஆகியிருக்கக்கூடிய 4:20 மாணவர் இன்று கதவுக்கு வெளியே நிற்கிறார்.

தடகள அணியே ஒரேயடியாக மூடப்படும் ஆபத்தும் உண்டு. 2020 மே மாத இறுதியில் பிரவுன் பல்கலைக்கழகம் ஆண்கள் தடகளம், கிராஸ் கன்ட்ரி உட்படப் பல அணிகளைக் கலைப்பதாக அறிவித்தது. கறுப்பின மாணவர்கள் அதிகம் பங்கேற்கும் அணி அது என்று முன்னாள் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பல்கலைக்கழகம் பின்வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கிளெம்சன் ஆண்கள் தடகளத்தை நிறுத்துவதாகச் சொல்லி, 2021 ஏப்ரலில் முடிவை மாற்றிக்கொண்டது. சேரும் முன் கோச்சிடம் கேட்க வேண்டிய கேள்விகளில், இந்த அணி நான்கு வருடம் உயிரோடு இருக்குமா என்பதும் ஒன்றாகிவிட்டது.

பணத்தை விட்டுவிட்டு அட்மிஷன் பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் டிவிஷன் 1-ல்தான் இருக்கின்றன. ஆனால் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஹவுஸ் சமரசத்திலும் அவை சேரவில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. அந்த உதவி சிறிதல்ல: ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வரை வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு எல்லாச் செலவும் இலவசம், இரண்டு லட்சம் வரை என்றால் கல்விக் கட்டணம் இல்லை என்று 2025-ல் ஹார்வர்டு அறிவித்தது. நடுத்தரக் குடும்பத்து ஓட்டக்காரருக்குப் பெரிய டிவிஷன் 1 பல்கலைக்கழகம் நீட்டும் கால்வாசி உதவித்தொகையைவிட இது பல சமயம் லாபம்.

உள்ளே போவதுதான் கஷ்டம். அங்கேதான் கோச் சேர்க்கை அலுவலகத்துக்குத் தரும் பட்டியல் வேலை செய்கிறது. ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்து, 2023 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு, இன அடிப்படையிலான சேர்க்கையை நிறுத்தியதற்காகவே பேசப்படுகிறது. அந்த வழக்குக்காகத் தோண்டி எடுக்கப்பட்ட புள்ளிவிவரங்களில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. கோச் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் ஏறத்தாழ 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. விளையாட்டு, முன்னாள் மாணவரின் பிள்ளை, நன்கொடை என்று எந்தச் சலுகையும் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்குத்தான் கிடைத்தது. படிப்பில் ஹார்வர்டு நடுத்தரம் என்று மதிப்பிட்டவர்களில் வீரர்களுக்கு எழுபது சதவீதம் கிடைத்தது, மற்றவர்களுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. இதை நியாயம் என்று வாதாடுவது சிரமம். ஓட்டம் என்பது ஷூ ஒன்று இருந்தால் போதும் என்ற ஏழை விளையாட்டு, படகோட்டமும் பாய்மரமும் அப்படியல்ல என்பதை வேண்டுமானால் ஆறுதலாகச் சொல்லலாம்.

வேகமாக ஓடினால் மார்க் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஐவி லீக்கில் 'அகாடமிக் இண்டெக்ஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து வரும் எண் அது. விளையாட்டு வீரர்களின் சராசரி மற்ற மாணவர்களின் சராசரியை விட்டு ரொம்பக் கீழே போகக்கூடாது. கோச்சுக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சில இடங்கள்தான். கால்பந்து கோச் குறைந்த மார்க் ஆட்களை எடுக்க வேண்டியிருக்கும்போது, சராசரியைத் தூக்கிப்பிடிக்கும் பொறுப்பு ஓட்டக்காரர்கள் தலையில் விழுவதும் உண்டு. நேரம் சுமார், மார்க் பிரமாதம் என்ற மாணவருக்கு இதில் ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. கோச்சுக்குப் பிடித்துப்போய், சேர்க்கை அலுவலகமும் தலையசைத்தால், அக்டோபர் 1-க்குப் பிறகு 'லைக்லி லெட்டர்' என்ற கடிதம் வரும். அநேகமாக உனக்கு இடம் உண்டு என்பதை எழுத்தில் தருவது. அது வரும்வரை, கோச் போனில் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அது பேச்சுதான்.

நம் 4:20 மாணவருக்கு உண்மையான வாய்ப்பு இருப்பது இதற்கு அடுத்த வட்டத்தில்: வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா போன்ற சிறிய, படிப்பில் மிகக் கடுமையான டிவிஷன் 3 கல்லூரிகள். பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் மதிப்பெண் பட்டியலைக் கோச் வழியாகச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, இவருக்கு வாய்ப்புண்டா என்று முன்கூட்டியே கேட்டுச்சொல்லும் 'ப்ரீ-ரீட்' என்ற ஏற்பாடு இவற்றில் உண்டு. பச்சைக்கொடி காட்டினால், அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் கட்டுப்பட்டு நவம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். எம்ஐடி-யும் டிவிஷன் 3-தான். அங்கே கோச் ஒரு வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான், முடிவு சேர்க்கை அலுவலகத்துடையது. அப்படிச் சேர்ந்த பொறியியல் மாணவிகள்தான் 2024 நவம்பரில் டிவிஷன் 3 பெண்கள் கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்றார்கள்.

நாள்காட்டியும் முக்கியம். பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15-க்கு முன் டிவிஷன் 1 தடகளக் கோச் மாணவரோடு பேசக்கூடாது, தனிப்பட்ட கடிதம் எழுதக்கூடாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிச் செலவில் மாணவரை வரவழைத்து வளாகத்தைக் காட்டலாம். டிவிஷன் 1-ல் ஓட 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அவற்றின் மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 2.3-க்குக் குறையக்கூடாது. கோச்சுக்கு மெயில் எழுதுவது மாணவரின் வேலை. நேரம், மார்க், படிக்க விரும்பும் துறை, ஏன் இந்தக் கல்லூரி என்று பத்து வரியில் முடிந்துவிட வேண்டும். அப்பா எழுதிய மெயிலை கோச்சுகள் இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு இதையே செய்துதரும் ஏஜென்சிகள் இருக்கின்றன. நேரம் ஊரறியப் பட்டியலில் இருக்கும் ஓட்டக்காரருக்கு அவை எதற்கு என்பது புரியாத விஷயம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையன்களின் நேரம் பதினெட்டு, பத்தொன்பது வயது வரை இயல்பாகவே குறைந்துகொண்டு வரும். பெண்களுக்கு உடல் வளர்ச்சியின் நடுவில் ஓரிரு வருடம் நேரம் நின்றுபோகலாம், பின்னேகூடப் போகலாம். கோச் பார்க்கத் தொடங்கும் பத்தாம், பதினோராம் வகுப்பும் அதே வயதில்தான் வந்து விழுகிறது. எடையைக் குறைத்தால் பழைய வேகம் திரும்பும் என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைக்கும் பெண்கள், மாதவிடாய் நின்று, எலும்பில் கீறல் விழுந்து ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு அணியில் ஓடிப் பல தேசியப் பட்டங்கள் வென்ற லாரன் ஃபிளெஷ்மன் 2023-ல் எழுதிய புத்தகத்தின் மையமே இந்தக் கொடுமைதான். பதினேழு வயதில் உலகப் போட்டி இறுதிக்குப் போன மேரி கெய்ன், கல்லூரி ஓட்டத்தைத் தவிர்த்து நைக்கியின் பயிற்சி முகாமுக்குப் போனார். எடையைக் குறைக்கச் சொல்லி அங்கே தன்னை நசுக்கியதை 2019-ல் அவர் வெளியே சொன்னபோது, பல கல்லூரி முன்னாள் மாணவிகளும் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். மகளை ஓர் அணிக்கு அனுப்பும் முன், போன நான்கு வருடத்தில் அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள் என்று பொதுப் பட்டியலில் பார்ப்பது எந்த வளாகச் சுற்றுலாவையும்விட உபயோகமானது.

கல்லூரியே வேண்டாம் என்று போகிறவர்களும் உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2001-ல் மைலை 3:53.43-ல் ஓடி, ஜிம் ரியனின் முப்பத்தாறு ஆண்டுப் பள்ளிச் சாதனையை முறியடித்த ஆலன் வெப், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஓடிவிட்டுத் தொழில்முறைக்குப் போனார். ஹாப்ஸ் கெஸ்லர் 2021-ல் நார்தர்ன் அரிசோனாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பள்ளி மாணவராகவே 1500 மீட்டரை 3:34.36-ல் ஓடியதும் அடிடாஸ் ஒப்பந்தம் வந்தது, போய்விட்டார். பாரிஸில் ஹாக்கர் வென்ற அதே ஓட்டத்தில் கெஸ்லர் ஐந்தாவது. 3:34 ஓடாத மற்ற எல்லோருக்கும் கல்லூரிதான்.

பள்ளி நேரமே விதி என்று நினைப்பவர்களுக்கு நிக் சைமண்ட்ஸின் கதையைச் சொல்லலாம். ஐடஹோ மாநிலத்தின் பாய்சீ நகரப் பையன். சேர்ந்தது ஓரிகனில் இருக்கும் வில்லமெட் என்ற சிறிய டிவிஷன் 3 பல்கலைக்கழகம், படித்தது உயிர்வேதியியல். அங்கே ஏழு டிவிஷன் 3 தேசியப் பட்டங்கள். பிறகு இரண்டு ஒலிம்பிக், 2012 லண்டன் 800 மீட்டர் இறுதியில் 1:42.95-ல் ஐந்தாமிடம், 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் வெள்ளி. விளையாட்டு உதவித்தொகை என்று ஒரு டாலர்கூட வாங்காமல் உலகின் இரண்டாவது ஆள்! அபி டகஸ்டினோ பள்ளியில் நாடறிந்த பெயரல்ல. ஐவி லீக்கின் டார்ட்மத்தில் சேர்ந்து ஏழு தேசியப் பட்டம் வென்றார். 2016 ரியோவில் தன்னோடு இடறி விழுந்த நியூசிலாந்து வீராங்கனையைத் தூக்கிவிட்ட பெண் என்றால் பலருக்கு நினைவு வரும். அதே லீக்கின் ஹார்வர்டைச் சேர்ந்த கிரஹாம் பிளாங்க்ஸ் 2023, 2024 இரண்டு ஆண்டும் டிவிஷன் 1 கிராஸ் கன்ட்ரி சாம்பியன். பாரிஸில் வெண்கலம் வென்ற, எத்தியோப்பியப் பெற்றோருக்குப் பிறந்த நுகூசேகூட, பள்ளி உடற்பயிற்சி வகுப்பில் ஓடியதைக் கவனித்த ஆசிரியரால் ஓட்டத்துக்கு வந்தவர்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் இதே கடிகாரத்தால்தான் அளக்கப்படுகிறார்கள். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான தேஜஸ்வின் சங்கர், உயரம் தாண்டுதலுக்காகக் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் தந்த உதவித்தொகையில் 2017-ல் அமெரிக்கா போனார். 2018-லும் 2022-லும் டிவிஷன் 1 தேசிய சாம்பியன் ஆனார். நம்மூர் விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழ்களை எண்ணிப் பார்த்து அரசு தரவரிசை போடும். அங்கே சான்றிதழை யாரும் கேட்பதில்லை. தாண்டிய உயரத்தைப் பார்த்துக் கோச்சே கூப்பிடுகிறார். நெடுந்தூரத்தில் இந்தப் போட்டி இன்னும் கடுமை. 2024 டிவிஷன் 1 பெண்கள் கிராஸ் கன்ட்ரியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த டோரிஸ் லெம்ங்கோலேவும் பமேலா கோஸ்கேயும் கென்யாவிலிருந்து வந்தவர்கள்.

2018-ல் வந்த 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' இன்னொரு திருப்பம். கல்லூரி மாற நினைக்கும் வீரர் தன் பெயரை அதில் பதிந்துவிட்டால் எந்தக் கோச்சும் பேசலாம். 45 பேருக்குமேல் வைக்க முடியாத கோச், பள்ளியில் 4:12 ஓடிய பதினெட்டு வயதுப் பையன் எப்படி வளர்வான் என்று காத்திருப்பதைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே வளர்ந்து காட்டிய இருபத்தொரு வயதுக்காரரை அந்தப் பட்டியலில் தேடுகிறார். பள்ளி முடித்து நேராக வருபவர்களுக்கான இடம் இதனால் சுருங்குகிறது. டிவிஷன் 3-ல் சேர்ந்து நான்கு வருடத்தில் நேரத்தை இறக்கிக் காட்டியவருக்கோ இதே போர்ட்டல் சாதகம். அடிபட்டு ஒரு பருவம் ஓடாமல் போயிருந்தால் விதிப்படி அந்தப் பருவம் மிச்சம் இருக்கும். அவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு, முதுகலைப் படிப்புக்காக, பள்ளியில் படிக்கும்போது தன் மெயிலுக்குப் பதிலே போடாத பெரிய பல்கலைக்கழகத்தின் அணிக்கே போய்ச் சேரலாம். இந்த முறை மெயில் அனுப்புவது அநேகமாக அந்தக் கோச்சாக இருப்பார்.